மீனுக்கு ஏற்ற நீர்

நுழையும் முன்

நாம் பருகும் நீர் தூயதாக இருக்க வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். நமக்குத் தூயதாக உள்ள நீர் எல்லா உயிர்களுக்கும் ஏற்றதாக இருக்குமா? வீட்டில் மீன் வளர்த்த ஒரு மாணவனுக்கு நேர்ந்த நிகழ்ச்சியின் வழியே இக்கேள்விக்கு விடை காண்கிறது இப்பாடம்.

ஒரே குழாய், இருவகை நீர்

தில்லியில் ஆர்.கே. புரம் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தை மைய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு கப்பி மீன்களும் கிடைத்தன. விசிறி போன்ற வண்ண வாலை அசைத்து அவை நீந்துவதைப் பார்ப்பதே அவனுக்கு மாலைப் பொழுதின் மகிழ்ச்சியாக இருந்தது.

ஒன்றரை மாதம் சென்றது. ஆடி மாதத் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆச்சி வந்திருந்தார். தொட்டியின் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது; நீரும் சற்று மங்கியிருந்தது. ஆச்சி பார்க்கும்போது தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சிறுவன் விரும்பினான். மீன்களை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தான். பழைய நீர் முழுவதையும் வெளியேற்றினான். கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினான். சமையலறைக் குழாயிலிருந்து புதிய நீரைப் பிடித்துத் தொட்டியை நிரப்பி, மீன்களை அதில் விட்டான். இரண்டு மணி நேரம் உழைத்திருந்தான். தொட்டி பளிங்குபோல் ஒளிர்ந்தது.

சிறிது நேரத்தில் மீன்கள் அங்குமிங்கும் பதறி ஓடின. பின்னர் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் மூன்று மீன்கள் இறந்துவிட்டன. நான்காவது மீன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

"தண்ணீரை மாற்றியதுதானே ஆச்சி, நான் செய்தது? அழுக்கை எடுத்தது தப்பா?" என்று கேட்டுச் சிறுவன் அழுதான்.

குழாயைத் திறந்ததும் வரும் மருந்து வாசனை ஆச்சிக்குப் பிடிப்பதில்லை. அதனால் முதல்நாள் பிடித்து வைத்த நீரையே காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பது அவர் வழக்கம். அன்று நீர் வழங்கல் தடைப்படக்கூடும் என்பதால், அம்மா ஓர் அகன்ற அண்டாவில் முந்தைய நாளே நீர் பிடித்து வைத்திருந்தார். "நேற்றுப் பிடித்த தண்ணீரில் விட்டுப் பார், அப்பா" என்றார் ஆச்சி. எஞ்சிய மீனை அந்நீருக்கு மாற்றினர். மறுநாள் காலையில் அது உணவைத் தேடி மேலே வந்தது.

இரண்டும் ஒரே குழாயின் நீர்தான். ஒன்று மீன்களைக் கொன்றது. மற்றொன்று ஒரு மீனைக் காத்தது. இரண்டிற்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு ஒன்றே: அண்டாவில் இருந்த நீர் ஒருநாள் காத்திருந்த நீர். அந்த ஒரு நாளில் நீரில் நிகழ்ந்தது என்ன?

நீருக்குக் காவல்

குழாய் நீரின் மருந்து வாசனைக்குக் காரணம் குளோரின். இஃது ஒரு வளிமம். 1774ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1810இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி இதனை ஒரு தனிமம் என்று உறுதிசெய்து, வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் சூட்டினார்.

ஒரு காலத்தில் வாந்திபேதி என்னும் காலரா, நகரங்களில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. 1854இல் லண்டன் நகரின் ஒரு தெருவில் அந்நோய் பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரைப் பருகியவர்கள் என்பதைக் கண்டறிந்தார். நோய் நீரின் வழியே பரவுகிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. நீரில் உள்ள நோய்க்கிருமிகளைக் குறைந்த செலவில் அழிக்கக் குளோரின் உதவும் என்பதைப் பின்னர் அறிஞர்கள் உணர்ந்தனர். அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908இல் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கினர். நாளடைவில் உலகின் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின.

நீர் நிலையத்திலிருந்து புறப்படும் நீர், நிலத்தடிக் குழாய்களில் நெடுந்தொலைவு சென்று வீடுகளை அடைகிறது. வழியில் எங்கேனும் விரிசல் இருந்தால் கழிவு கலந்துவிடலாம். ஆகவே, நீர் வீட்டை அடையும் வரை அதில் சிறிதளவு குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் கூறுகிறது. எடைக் கணக்கில் இது 50 லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலங்கி வருவதால், கிருமிகளை அழிக்கக் கூடுதலான குளோரின் தேவைப்படுவதுண்டு.

குழாயில் வரும் மருந்து வாசனை, நீர் கெட்டுவிட்டது என்பதன் அடையாளம் அன்று. நமக்காக நீரில் வைக்கப்பட்ட காவலின் அடையாளம்.

காவலே பகையாவது எப்படி?

குளோரின் உயிருள்ள மெல்லிய திசுக்களைத் தாக்கும் இயல்புடையது. நுண்கிருமிகளை அது அழிப்பதும் இவ்வியல்பினால்தான். நாம் நீரைப் பருகும்போது, அதிலுள்ள சிறிதளவு குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. அது குருதியைச் சென்றடைவதில்லை.

மீனின் நிலை வேறு. நாம் காற்றிலிருந்து உயிர்வளியைப் பெறுகிறோம். மீனோ நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தன் செவுள்களால் பெறுகிறது. செவுள் என்பது சீப்பின் பற்களைப் போல் வரிசையாக அமைந்த மெல்லிய இழைகளின் தொகுதி. அதன் தோல் மிக மெல்லியது. அத்தோலுக்கு மறுபுறம் குருதி ஓடுகிறது. மீன் நாள் முழுவதும் நீரை வாயால் வாங்கிச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. ஆகவே, நீரில் உள்ள குளோரின் ஓயாமல் செவுள்களின் மீது படுகிறது, அவற்றைப் புண்ணாக்குகிறது. புண்பட்ட செவுள் தன்னைக் காத்துக்கொள்ள வழவழப்பான நீர்மத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் உயிர்வளி உட்செல்லும் வழி அடைபடுகிறது. நீர் நிறைந்த தொட்டியிலேயே மீன் மூச்சுத் திணறுகிறது.

சிறுவனின் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியதற்கு இதுவே காரணம். அவை பசியால் மேலே வரவில்லை, மூச்சுக்காக வந்தன.

"எங்கள் ஊர்க் கிணற்றில் கெண்டை துள்ளுமே! அந்தத் தண்ணீரை அப்படியே இறைத்துத்தானே குடித்தோம்?" என்று ஆச்சி வியந்தார். கிணற்று நீரில் குளோரின் இயற்கையாக இருப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் இட்டால்தான் கிணற்றிலும் குளோரின் சேரும். அவ்வாறு இட்ட கிணற்றில் உள்ள மீன்களுக்கும் இதே துன்பம் நேரக்கூடும்.

காத்திருத்தல் என்னும் மருந்து

குளோரின் ஒரு வளிமம் என்பதால், திறந்த பாத்திரத்தில் வைத்த நீரிலிருந்து அது மெல்ல மெல்லக் காற்றில் கலந்து வெளியேறுகிறது. ஆச்சியின் அண்டாவில் நிகழ்ந்தது இதுவே. வாய் அகன்ற பாத்திரத்தில் நீர்ப்பரப்பு மிகுதி. ஆதலால் குளோரின் விரைவாக வெளியேறும். வாய் குறுகிய குடத்திலோ மூடிய புட்டியிலோ நெடுநேரம் ஆகும். வெயில் படும் இடத்தில் வைத்தாலும், காற்றுக்குழாயால் குமிழிகளை உண்டாக்கினாலும் குளோரின் இன்னும் விரைவாக நீங்கும். பொதுவாக, அகன்ற வாளியில் 24 மணி நேரம் வைத்தல் வேண்டும். குமிழி ஊட்டாதபோதும், மருந்து வாசனை மிகுந்திருக்கும்போதும் 48 மணி நேரம் வைத்தல் நலம்.

நீரைத் திறந்து வைக்கும்போது மற்றொரு கருத்தும் தேவை. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு, பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. ஆகவே, பாத்திரத்தின் வாயை மெல்லிய துணியால் கட்ட வேண்டும். துணியின் கண்கள் வழியே வளிமம் வெளியேறும், கொசு உட்புகாது. இரண்டு நாள்களுக்கு மேல் நீரைத் தேக்கி வைத்தலும் கூடாது.

காய்ச்சினாலும் குளோரின் நீங்கும். ஆனால், அதனுடன் மீனுக்கு வேண்டிய உயிர்வளியும் நீங்கிவிடும். காய்ச்சிய நீரை நன்கு ஆறவைத்து, மீண்டும் காற்றூட்டிய பின்னரே பயன்படுத்த முடியும்.

ஊர்ப்புறங்களில் கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பதுண்டு. அது நீரில் மிதக்கும் மண்துகள்களை அடியில் படியச் செய்யும். நீரில் கரைந்துள்ள குளோரினை நீக்குவது அதன் வேலை அன்று. நீர் தெளிந்திருப்பதும், நஞ்சின்றி இருப்பதும் வெவ்வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காத்திருப்பினும் நீங்காதது

சில இடங்களில் காத்திருத்தல் மட்டும் போதுவதில்லை. நீரில் அம்மோனியா இருக்கும்போது குளோரினைச் சேர்த்தால், இரண்டும் கூடிக் குளோரமைன் என்னும் பொருள் உண்டாகும். இது குளோரினைப் போல் எளிதில் காற்றில் கலந்து நீங்காது. பல நாள்கள் நீரிலேயே தங்கியிருக்கும். இதுவும் மீனின் செவுள்களுக்குத் தீங்கு செய்யும். சில நாடுகளில், காவல் நீண்ட நேரம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே குடிநீரில் குளோரமைனைச் சேர்க்கின்றனர்.

தில்லிக்கு வரும் நீரின் ஒரு பகுதி யமுனை ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்றில் நீர்வரத்துக் குறையும் குளிர்காலத்தில், கழிவுகளின் கலப்பால் யமுனையில் அம்மோனியா மிகுவதும், அதனால் வசீராபாத் போன்ற நீர் நிலையங்கள் நீர் உற்பத்தியைக் குறைப்பதும் அந்நகர மக்கள் அறிந்த செய்தியே. அத்தகைய நாள்களில் ஒருநாள் வைத்த நீரை மட்டுமே நம்புதல் தகாது.

இதற்குக் குளோரின் நீக்கும் துளிமருந்து உதவும். வண்ண மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்னும் பெயரில் இது கிடைக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றில் சோடியம் தயோசல்பேட் என்னும் உப்பு உள்ளது. முற்காலத்தில் நிழற்படக் கூடங்களில் படச்சுருளைக் கழுவப் பயன்பட்ட 'ஹைப்போ' என்பதும் இதுவே. இது நீரில் உள்ள குளோரினோடு வினைபுரிந்து, சில நிமிடங்களில் அதனைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றிவிடும்.

குளோரமைன் உள்ள நீரில் இம்மருந்தை இட்டால் குளோரின் நீங்கும். ஆனால் அம்மோனியா எஞ்சும். அம்மோனியாவும் மீனுக்கு நஞ்சு. எனவே, இரண்டையும் செயலிழக்கச் செய்யும் மருந்தா என்பதைப் புட்டியின் மேல் உள்ள குறிப்பைப் படித்து அறிதல் வேண்டும். எத்தனை லிட்டருக்கு எத்தனை துளி என்பதையும் அக்குறிப்பின்படியே, பெரியவர்களின் துணையோடு அளந்து இட வேண்டும்.

நீரில் குளோரின் எஞ்சியுள்ளதா என்பதை அறியச் சோதனைத் துளிகளும் உண்டு. சிறு குப்பியில் நீரை எடுத்து ஒருவகைத் துளியை இட்டால், குளோரின் இருக்குமானால் நீர் மஞ்சளாகும். நிறம் ஆழ்ந்தால் குளோரின் மிகுதி என்பது பொருள். சோதித்த நீரை மீண்டும் தொட்டியில் ஊற்றுதல் கூடாது.

நன்னீர், கடினநீர், ஆர்.ஓ. நீர்

தமிழில் நீருக்கு அதன் தன்மை நோக்கிப் பல பெயர்கள் உண்டு. குளிர்ந்த நீர் தண்ணீர். சூடான நீர் வெந்நீர். உப்புக் கரிக்கும் நீர் உவர்நீர். ஆறு, குளங்களின் உப்பற்ற நீர் நன்னீர். சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் கடினநீர் எனப்படும். வட இந்திய நகரங்கள் பலவற்றின் நிலத்தடி நீர் கடினநீரே. நீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்ணிறப் படிவு இதற்கு அடையாளம். இத்தகைய நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது.

கடினநீர் நமக்குச் சுவைப்பதில்லை. எனவே, பல வீடுகளில் ஆர்.ஓ. எனப்படும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அக்கருவி நீரில் உள்ள உப்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும். அந்நீரே மீனுக்கும் சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நன்னீர் மீனின் உடலில் உப்பு மிகுதி. சுற்றியுள்ள நீரில் உப்புக் குறைவு. அதனால் நீர் எப்போதும் செவுள்களின் வழியே மீனின் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். புகுந்த நீரை மீன் ஓயாமல் வெளியேற்றி, உடலின் உப்பைக் காத்துக்கொள்கிறது. உப்பே அற்ற நீரில் அதற்கு இவ்வேலை மேலும் கடினமாகும். கார்பனேட் உப்புகள் இல்லாத நீரில் அமிலத்தன்மையும் திடீரென்று மாறக்கூடும். கப்பி, மோலி போன்ற மீன்கள் சற்றுக் கடினமான நீரையே விரும்புகின்றன. ஆகவே, ஆர்.ஓ. நீரை மட்டும் தொட்டியில் நிரப்புதல் கூடாது. குழாய் நீர் மிகக் கடினமாக இருந்தால், குளோரின் நீக்கிய பின் அதனுடன் ஆர்.ஓ. நீரைக் கலந்து பயன்படுத்தலாம்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள்

சிறுவன் செய்த மற்றொரு பிழை, தொட்டி நீர் முழுவதையும் மாற்றியதும், பஞ்சைக் குழாய் நீரில் கழுவியதும் ஆகும். குளோரின் இல்லாதிருந்தாலும் இச்செயல் மீன்களுக்குத் துன்பமே தந்திருக்கும்.

மீனின் கழிவிலிருந்தும், எஞ்சிய உணவிலிருந்தும் தொட்டியில் அம்மோனியா உண்டாகிறது. கூழாங்கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் கோடிக்கணக்கான நன்மைதரும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு; தொட்டியில் உள்ள செடிகள் அதனை உரமாக ஏற்றுக்கொள்கின்றன. இந்த உழைப்பாளிகள் ஒரு புதிய தொட்டியில் பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

நோய்க்கிருமியையும் நன்மைதரும் பாக்டீரியாவையும் வேறுபடுத்திப் பார்க்கக் குளோரின் அறியாது. இரண்டையும் அழித்துவிடும். சிறுவன் ஒன்றரை மாதமாக உருவான அந்தச் சிற்றூரைத் தன்னை அறியாமலேயே கழுவிவிட்டான். மாசு என்று அவன் எண்ணியவற்றுள், மீன்களைக் காத்து நின்ற உயிர்களும் இருந்தன.

ஆதலால், வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலச வேண்டும்.

வெப்பமும் உயிர்வளியும்

தில்லியில் கோடை நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியின் நீர் கை சுடும்; தை மாதக் காலையில் அதே குழாயின் நீர் விரல்களை உறையச் செய்யும். மீனின் உடல் வெப்பம், சுற்றியுள்ள நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. திடீர் மாற்றத்தை அதனால் தாங்க இயலாது. புதிய நீருக்கும் தொட்டி நீருக்கும் இடையே வெப்ப வேறுபாடு 2 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அறையிலேயே வைத்த நீர், அறையின் வெப்பத்திற்கு வந்துவிடும். காத்திருத்தலால் விளையும் இரண்டாவது நன்மை இது.

நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறையும். 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். கோடையில் காற்றுக்குழாயை நிறுத்தாமல் இயக்க வேண்டியதன் காரணம் இதுவே.

நீர் மாற்றும் முறை

முதலில் தொட்டி எவ்வளவு நீர் கொள்ளும் என்பதைக் கணக்கிட வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்குக் கிடைக்கும். சிறுவனின் தொட்டி 40 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உடையது, நீர் 20 செ.மீ. உயரம் நிற்கும். 40 × 25 × 20 = 20,000. எனவே, தொட்டி நீர் 20 லிட்டர். ஒருமுறை மாற்ற வேண்டியது 5 லிட்டர்.

1. சவர்க்காரம் படாத தனி வாளியில், முதல்நாளே நீரைப் பிடித்து மெல்லிய துணியால் மூடி வைக்க வேண்டும்.

2. மறுநாள், மின்கருவிகளின் இணைப்பைப் பெரியவர் ஒருவர் துண்டித்த பின்னரே தொட்டியில் கை வைக்க வேண்டும்.

3. சிறு குழாயின் மூலம் அடியில் உள்ள கழிவோடு சேர்த்து நான்கில் ஒரு பங்கு நீரை வெளியேற்ற வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சுதல் கூடாது.

4. புதிய நீரின் வெப்பத்தை வெப்பமானியால் சோதிக்க வேண்டும். ஐயம் இருப்பின் துளிமருந்தை வாளி நீரிலேயே கலந்து, சில நிமிடம் கழித்துப் பயன்படுத்த வேண்டும்.

5. நீரைக் குவளையால் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். மின்கருவிகளை மீண்டும் இயக்கி, மீன்கள் இயல்பாக நீந்துகின்றனவா என்று சிறிது நேரம் கவனிக்க வேண்டும்.

6. வெளியேற்றிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

காத்திருந்த வீடு

அந்த வீட்டில் இப்போது சனிக்கிழமை காலைதோறும் நீல நிற வாளி ஒன்று நீர் நிரம்பிச் சன்னலோரம் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிறுவன் நீரை மாற்றுகிறான். பழைய நீர், ஆச்சி தொட்டியில் நட்ட துளசிக்குப் போகிறது. உயிர்பிழைத்த மீன், சில வாரங்கள் தொட்டியில் தனியாகவே நீந்தியது. பாக்டீரியாக்கள் மீண்டும் நிலைபெறும் வரை வேறு மீன்களை வாங்க வேண்டாம் என்று அவன் தானே முடிவு செய்திருந்தான்.

ஆச்சி ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், செடிகளின் இடையே கண்ணிமை மயிர் போன்ற சிறு உருவங்கள் அசைந்தன. எண்ணிப் பார்த்தபோது பதினொன்று இருந்தன. கப்பி முட்டையிடாமல் குஞ்சு ஈனும் மீன். பெண் கப்பி, ஆண் மீனின் விந்தணுக்களைத் தன் உடலில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் கழித்தும் குஞ்சு ஈனும். எஞ்சியது பெண் மீன் என்பதை வீட்டார் அப்போதுதான் அறிந்தனர்.

நீர் என்பது எல்லா உயிருக்கும் பொது. ஆயினும், எந்த நீர் எவ்வுயிருக்கு ஏற்றது என்பதை அறிந்து தருவதே பொறுப்பு. மீன் தனக்கு வேண்டிய நீரைத் தானே தேடிச் செல்ல இயலாது. நாம் ஊற்றும் நீரே அதன் உலகம். அன்பு காட்டினால் மட்டும் போதாது. அவ்வுயிரின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

சொற்பொருள்

வளிமம் – வாயு. காற்றைப் போன்ற நிலையில் உள்ள பொருள்
உயிர்வளி – ஆக்சிஜன்
செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
திசு – ஒரே வகை உயிரணுக்களின் தொகுதி
அண்டா – வாய் அகன்ற பெரிய பாத்திரம்
குருதி – இரத்தம்
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு, டிகிரி
ஈனுதல் – குஞ்சு அல்லது குட்டி போடுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. குழாய் நீரில் குளோரின் சேர்க்கப்படுவது ஏன்?
2. சிறுவனின் மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்ததன் காரணம் யாது?
3. நீர் வைத்த பாத்திரத்தை மூடியால் மூடாமல் துணியால் கட்டுவது ஏன்?
4. ஆர்.ஓ. நீரை மட்டும் தொட்டியில் நிரப்புதல் ஏன் கூடாது?

ஆ. விரிவான விடை எழுதுக.

1. "அழுக்கை எடுத்தது தப்பா?" என்ற சிறுவனின் கேள்விக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? பாடக் கருத்துகளைக் கொண்டு எழுதுக.
2. ஒருநாள் காத்திருத்தலால் நீருக்கு உண்டாகும் நன்மைகளைத் தொகுத்து எழுதுக.

இ. பிரித்து எழுதுக.

தண்ணீர் = தண்மை + நீர் (எடுத்துக்காட்டு)
வெந்நீர் = ........ + ........
நன்னீர் = ........ + ........

ஈ. கணக்கிடுக.

ஒரு தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., நீரின் உயரம் 25 செ.மீ. எனில், அதில் உள்ள நீர் எத்தனை லிட்டர்? ஒருமுறை மாற்ற வேண்டிய நீர் எவ்வளவு?

உ. செயல்பாடு

உங்கள் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் ஊரில் குடிநீரை எங்கிருந்து எடுத்தனர், எவ்வாறு தெளியவைத்தனர் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.